வயர் கூடை பின்னுவோருக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தமிழ்நாட்டில் வயர் கூடை இல்லாத வீடு ஒரு காலத்தில் அரிது. சந்தைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவுக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு நெட்டையாக ஒன்று என்று ஆணியில் வரிசையாகத் தொங்கும். கடைக்காரர் சும்மா கொடுத்த பாலித்தீன் பை வந்தபின் கூடை பரணுக்குப் போனது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. வீட்டிலிருந்தே பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் பழக்கம் மெல்லத் திரும்புகிறது. அதோடு வயர் கூடையும் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது.

“வயரும் பிளாஸ்டிக்தானே?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கால் மணி நேரம் கையில் இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகும் பையும், பத்து வருஷம் காய்கறி சுமக்கும் கூடையும் ஒரே பிளாஸ்டிக்கால் ஆனவையாக இருந்தாலும் அவை செய்யும் வேலை வேறு. ஆனால் அந்தக் கூடை உண்மையிலேயே பத்து வருஷம் சுமக்க வேண்டும். ஆறே மாதத்தில் கைப்பிடி பிய்ந்து மூலையில் கிடக்கிற கூடை குப்பையைக் கூட்டத்தான் உதவும். பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்துவிட்டோம் என்றால், நீண்ட நாள் உழைக்கும்படி பின்னுவதுதான் நம் கடமை. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த ஒரு நோக்கத்துக்காகத்தான்.

வயர் வாங்கும்போது

செய்ய வேண்டியவை

1. ஒரு கூடைக்குத் தேவையான வயர் முழுவதையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்குங்கள். நம் ஊரில் கூடையின் அளவையே கட்டுக் கணக்கில்தான் சொல்கிறோம்: ஒரு கட்டுக் கூடை, இரண்டு கட்டுக் கூடை, மூன்று கட்டுக் கூடை. பாதியில் வயர் தீர்ந்து மறுபடி போனால் அதே சிவப்பு கிடைக்காது. கடையில் பார்க்கும்போது ஒன்றுபோலத் தெரியும். வெயிலில் வைத்துப் பார்த்தால் வரிசைக்கு வரிசை நிறம் மாறியிருக்கும்.

2. வாங்குவதற்கு முன் வயரின் நுனியை விரலில் சுற்றி, மடித்து, விட்டுப் பாருங்கள். நல்ல வயர் மடித்த இடத்தில் வெளிறாது, விரிசல் விடாது. மடித்ததும் வெள்ளைக் கோடு விழுந்தால் அந்த வயர் வேண்டாம். கூடையில் ஒவ்வொரு முடிச்சிலும் வயர் மடங்குகிறது. மடிப்புத் தாங்காத வயர் முடிச்சில்தான் முதலில் அறும்.

3. அகலமும் கனமும் கட்டு முழுக்க ஒரே சீராக இருக்கிறதா என்று இரு விரலுக்கு நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் தடித்தும் இருக்கிற வயரில் எந்தக் கை பின்னினாலும் முடிச்சு சமமாக வராது.

4. அடிப்பாகத்துக்கு அடர்ந்த நிறம் எடுங்கள். கூடை தரையில் உட்காரும் இடம் அது. வெள்ளையும் வெளிர்மஞ்சளும் மேல் வரிசைகளில் அழகு. அடியில் ஒரு மாதத்தில் அழுக்கு.

செய்யக்கூடாதவை

1. விலை மலிவு என்று மூக்கைத் துளைக்கும் வாடை அடிக்கிற வயரை வாங்காதீர்கள். கூடை வயர் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அது இயல்பில் விறைப்பானது. அதை வளையச் செய்ய மென்மையாக்கும் ரசாயனங்கள் சேர்க்கிறார்கள். அவற்றில் தாலேட் வகையைச் சேர்ந்த சில, உடலுக்குக் கேடு என்பதால் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை.

2. கடை வாசலில் மாதக்கணக்கில் வெயில் காய்ந்த கட்டை எடுக்காதீர்கள். வெயில் பட்ட பிளாஸ்டிக் உள்ளுக்குள் நொய்ந்திருக்கும். நிறம் மங்கிய மேல் சுற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

3. முதல் கூடைக்கே மூன்று கட்டு வாங்காதீர்கள். ஒரு கட்டில் சின்னக் கூடை பின்னி முடித்துவிட்டுப் பெரியதற்குப் போகலாம்.

அளந்து வெட்டும்போது

புதிதாகப் பின்னுகிறவர்களின் கூடை பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கூடையில் இரண்டு வயர் வேலை செய்கின்றன. அளந்து வெட்டி வைக்கும் கட்டிங் வயர் ஒன்று. கட்டிலிருந்து வெட்டாமல் ஓடிக்கொண்டே வரும் ரன்னிங் வயர் மற்றொன்று. கட்டிங் வயரின் நடுப்பகுதி அடிப்பாகத்தின் நடு வரிசையில் உட்காரும். அதன் ஒரு பாதி ஒரு பக்கச் சுவராகவும் மறு பாதி எதிர்ச் சுவராகவும் மேலே ஏறும். இதைப் புரிந்துகொண்டால் அளவு தவறாது.

செய்ய வேண்டியவை

1. முதலில் ஒரு மாதிரி பின்னிப் பாருங்கள். இரண்டு துண்டு வயரில் அடையாளம் வைத்து, பத்து முடிச்சு போட்டு, அதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு பத்தையும் அவிழ்த்து, வயர் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். உங்கள் கைக்கும் உங்கள் வயருக்கும் உரிய கணக்கு அதுதான். அடுத்தவர் சொன்ன அளவு அவர் கை இறுக்கத்துக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2. கட்டிங் வயரின் நீளத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: அடிப்பாகத்தின் அகலம், அதோடு உயரம் இரண்டு தடவை. இந்த மொத்தத்துக்கு எத்தனை முடிச்சு வரும் என்று எண்ணி, மாதிரியில் கண்ட செலவால் பெருக்குங்கள். பிறகு இரண்டு நுனிக்கும் ஒவ்வொரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சாண்தான் கடைசியில் உள்ளே சொருகுவதற்கு.

3. முதல் வயரை அளந்து வெட்டியதும் அதையே அளவுகோலாக வைத்து மற்ற எல்லாவற்றையும் வெட்டுங்கள். வெட்டி முடித்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து நுனி பாருங்கள். குட்டையாக ஒன்று இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம்.

4. அடிப்பாகத்தின் ஒவ்வொரு வரிசையிலும் ரன்னிங் வயருக்கு இரு முனையிலும் உயரத்துக்கான வால் விடுங்கள். குறுகலான இரண்டு பக்கச் சுவர்களும் அந்த வாலில்தான் எழும்பப் போகின்றன. நீளமான சுவர்களுக்குக் கட்டிங் வயர் இருக்கிறது என்று நினைத்து இந்த வாலை மறந்துவிடுகிறவர்கள் அநேகம்.

செய்யக்கூடாதவை

1. மிச்சம் பிடிப்பதாக நினைத்து இழுத்து அளக்காதீர்கள். இழுத்தால் வயர் நீளும், விட்டால் சுருங்கும், பின்னும்போது குறையும்.

2. முறுக்கோடு வயரை வெட்டாதீர்கள். கட்டில் சுருண்டே கிடந்த வயரை, கை பொறுக்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் போட்டுத் துடைத்து, கொடியில் தொங்கவிட்டு நீவிவிட்டால் நேராகிவிடும். மார்கழி, தை மாதக் காலைகளில் வயர் விறைத்திருக்கும். அப்போதும் இதே வழிதான்.

3. கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள். வயர் துவண்டு, அகலம் மாறிப்போகும்.

பின்னும்போது

சாதா முடிச்சைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு சின்னக் கட்டங்கள் சேர்ந்த ஒரு சதுரம் அது. கட்டிங் வயரில் ஒரு மடிப்பு, அதைக் கவ்வி ரன்னிங் வயரில் ஒரு மடிப்பு. இரண்டு நிறத்தில் பின்னினால் நான்கு கட்டத்தில் இரண்டு ஒரு நிறம், எதிரெதிரே இரண்டு மறு நிறம். நான்கு பக்கமும் நான்கு வயர் வெளியே வருகின்றன. அந்த நான்கையும் ஒரே அளவு இழுத்தால் சதுரம் சதுரமாகவே நிற்கும். ஒன்றை மட்டும் வலித்து இழுத்தால் அந்தப் பக்கம் கோணும். ஒரு முடிச்சின் கோணல் கண்ணுக்குத் தெரியாது. இருபது முடிச்சு சேர்ந்தால் கூடையே சாய்ந்து நிற்கும்.

செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு முடிச்சையும் போட்டதும் கட்டைவிரலால் அழுத்தி, நான்கு வயரையும் ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

2. நடு வரிசையில் தொடங்கி, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் வரிசை சேருங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் முடிச்சை எண்ணுங்கள். தொடக்கத்தில் ஒன்று குறைந்தால் ஒரு வரிசையை அவிழ்த்தால் போதும். மேலே ஏறியபின் கண்டுபிடித்தால் பாதிக் கூடையை அவிழ்க்க வேண்டியிருக்கும்.

3. அடிப்பாகம் முடிந்ததும் தரையில் வைத்து நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒரு மூலையை அழுத்தும்போது எதிர்மூலை தூக்கினால் இழுப்பு சமமில்லை என்று பொருள். சுவரை ஏற்றுமுன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

4. சுவர் ஏறும் முதல் சுற்றை மற்றவற்றைவிடச் சற்று இறுக்கமாகப் போடுங்கள். அடியும் சுவரும் சேரும் அந்த மடிப்புதான் கூடைக்கு உருவம் கொடுக்கிறது. நான்கு மூலை முடிச்சிலும் நிதானம் வேண்டும்.

5. ரன்னிங் வயர் தீர்ந்தால் புதிய வயரின் நுனியைப் பழைய வயரோடு மூன்று நான்கு முடிச்சுக்குச் சேர்த்தே ஓட்டி, இரண்டு நுனியையும் உட்புறம் சொருகுங்கள். இந்த இணைப்பு சுவரின் நடுவில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

6. சாதா முடிச்சு கை வந்தபிறகு பூ வேலைக்குப் போங்கள். பிஸ்கட், நெல்லிக்காய், சிவன் கண் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அழகு உண்டு. நெல்லிக்காய் முடிச்சு புடைத்து நிற்பதால் வயர் கூடுதலாகத் தின்னும். சிவன் கண் பின்னும்போது நிறங்கள் மாறி மாறி வந்து கண் விழவேண்டும். எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் கண் கலைந்துபோகும். இவற்றைத் தொடங்குமுன் கட்டம் போட்ட நோட்டில் வரைந்துகொள்வது நல்லது.

செய்யக்கூடாதவை

1. ஒரே கூடையை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பின்னாதீர்கள். ஒவ்வொரு கைக்கும் ஒரு இறுக்கம் உண்டு. அம்மா விட்ட இடத்திலிருந்து மகள் தொடர்ந்தால் அந்த வரிசை தனியாகத் தெரியும். சேர்ந்து வேலை செய்ய ஆசை என்றால் ஒருவர் கூடை பின்னட்டும், மற்றவர் கைப்பிடி பின்னட்டும்.

2. மேலே போகப் போக இறுக்கத்தைக் கூட்டாதீர்கள். வேலை முடியப்போகிற அவசரத்தில் கை தானாக இறுகும். வாய் குறுகி, கூடை பானை மாதிரி ஆகிவிடும்.

3. வயர் தீர்ந்த இடத்தில் இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்துவிடாதீர்கள். அந்த முண்டு உள்ளே வைக்கும் பொருளில் உரசும். காய்கறிப் பையைக் கிழிக்கும். நாளடைவில் அதுவே அவிழும்.

4. மூலையில் இணைப்பு வைக்காதீர்கள். கூடையின் பாரம் அதிகம் விழும் இடம் மூலை.

5. விளக்கொளி மங்கலான இடத்தில், குனிந்த முதுகோடு நெடுநேரம் உட்காராதீர்கள். அரைமணிக்கு ஒருதடவை எழுந்து கையை உதறி விரலை நீட்டி மடக்குங்கள். ஆள்காட்டி விரலில் வயர் அறுத்துக் காயம் வருகிறது என்றால் துணியோ பிளாஸ்டரோ சுற்றிக்கொண்டு பின்னுங்கள்.

கைப்பிடியும் முடிப்பும்

கூடையைப் பார்க்கிறவர்கள் சுவரின் நிறத்தைப் பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் கைப்பிடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஐந்து கிலோ அரிசியைத் தூக்கும்போது பாரம் முழுவதும் கைப்பிடிகள் கூடையோடு சேரும் நான்கு இடத்தில்தான் இறங்குகிறது.

செய்ய வேண்டியவை

1. கைப்பிடி வயரை வாய் ஓரத்தில் மட்டும் மாட்டாமல், குறைந்தது மூன்று நான்கு வரிசை கீழே இருந்து கோர்த்து மேலே கொண்டுவாருங்கள். பாரம் பல முடிச்சுக்குப் பிரியும். ஓரத்து முடிச்சு ஒன்றே தாங்கினால் ஒரு நாள் அது பிய்ந்துவிடும்.

2. கைப்பிடிக்கு நடுவே கற்றையாகச் சில வயர்களை உள்ளே கொடுத்து, அதைச் சுற்றி நான்கு வயரால் பின்னுங்கள். உள்ளே கற்றை இருந்தால்தான் கைப்பிடி உருண்டு திரண்டு, உள்ளங்கையை அறுக்காமல் இருக்கும்.

3. இரண்டு கைப்பிடியும் ஓரத்திலிருந்து ஒரே எண்ணிக்கை முடிச்சு தள்ளி வரவேண்டும். இரண்டின் உயரமும் சமமா என்று சேர்த்துப் பிடித்துப் பாருங்கள்.

4. வாய் வரிசை முடிந்ததும் ஒவ்வொரு நுனியையும் உட்புறம் மடித்து மூன்று முடிச்சுக்காவது கீழே சொருகி, இழுத்துவிட்டு, பிறகு ஒட்ட வெட்டுங்கள். எல்லாம் முடிந்தபின் உட்புறம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கையில் குத்துகிற நுனி இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

5. கொடுப்பதற்கு முன் பாரம் வைத்துப் பாருங்கள். அந்தக் கூடை சுமக்கப் போகும் எடையை வைத்து ஓர் இரவு தொங்கவிட்டால், தளர்ந்த முடிச்சு காலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

செய்யக்கூடாதவை

1. நுனியை மெழுகுவர்த்தியிலோ தீக்குச்சியிலோ காட்டி உருக்கி ஒட்டாதீர்கள். பலர் செய்கிறார்கள், வேண்டாம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வருகிறது. அது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். உருகிய சொட்டு விரலில் ஒட்டினால் தோலோடுதான் வரும். ஒழுங்காகச் சொருகிய நுனிக்கு நெருப்பு தேவையே இல்லை.

2. பசையை நம்பாதீர்கள். வயர் வளையும்போதெல்லாம் காய்ந்த பசை உடைந்து விலகும்.

3. மிஞ்சிப்போன, நொய்ந்த வயரைக் கைப்பிடிக்குள் கற்றையாக வைக்காதீர்கள். வெளியே தெரியாது என்பதற்காக மட்டமான வயரை வைத்தால், வாங்கியவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அது அறும்.

சாவிக்கொத்து, விசில் கயிறு, கழுத்துக் கயிறு

கூடை பின்னி மிஞ்சிய துண்டுகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. பிரான்ஸில் ஸ்கூபிடூ என்ற பெயரிலும், அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கோடை முகாம்களில் கிம்ப் என்ற பெயரிலும் இருக்கிற கைவேலை இதுதான். அங்கே வயர் மெல்லியது, நம்முடையது சற்று அகலம், முடிச்சு ஒன்றே.

இரண்டு வயரைக் கூட்டல் குறி போலக் குறுக்காக வையுங்கள். நான்கு நுனி கிடைக்கும். முதல் நுனியை இரண்டாவதன் மேல் மடியுங்கள். இரண்டாவதை மூன்றாவதன் மேல், மூன்றாவதை நான்காவதன் மேல் மடியுங்கள். நான்காவதை முதல் நுனி மடிந்து உண்டான கண்ணிக்குள் நுழைத்து, நான்கையும் சேர்த்து இழுத்தால் ஒரு சதுரம் விழும். அடுத்த அடுக்கை எதிர்ச்சுற்றில் போடுங்கள். வலம், இடம் என்று மாறி மாறிப் போட்டால் நேரான சதுரத் தூண் எழும். எல்லா அடுக்கையும் ஒரே சுற்றில் போட்டால் தூண் முறுக்கிக்கொண்டு உருண்டையாக வரும்.

செய்ய வேண்டியவை

1. கற்றுக்கொள்ளும்போது இரண்டு நிறத்தில் பின்னுங்கள். எந்த நுனி எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

2. சாவி வளையத்தை முதலிலேயே நடு மடிப்பில் கோர்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

3. கழுத்தில் மாட்டும் கயிறு என்றால், பிடித்து இழுத்தால் தானே கழன்றுவிடும் பிளாஸ்டிக் கொக்கியைப் பிடரிப் பக்கம் கட்டாயம் சேருங்கள். அடையாள அட்டைக் கயிறு, விளையாட்டு ஆசிரியரின் விசில் கயிறு, எதுவானாலும் இது பொருந்தும்.

செய்யக்கூடாதவை

1. சுழலும் இயந்திரத்துக்கு அருகே கழுத்துக் கயிற்றோடு போகாதீர்கள். மாவு அரைக்கும் இயந்திரம், தையல் மோட்டார், கடைசல் பட்டறை, எங்கேயும் கூடாது. பிளாஸ்டிக் வயர் பருத்தி நூல்போலச் சட்டென்று அறாது.

2. வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடிக்குக் கீழே சாவிக்கொத்தைப் போட்டுவைக்காதீர்கள். வயர் இளகிக் காரின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும்.

குழந்தைகளோடு பின்னும்போது

கோடை விடுமுறைக்கு இது நல்ல வேலை. எண்ணப் பழக்கும், விரலுக்கு வேலை தரும், பொறுமையைக் கற்றுத்தரும். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவும் வைக்கும்.

செய்ய வேண்டியவை

1. பிள்ளைகளுக்கென்று வாங்கும்போது, விளையாட்டுப் பொருளுக்கான பிஐஎஸ் முத்திரை உள்ள கைவேலைப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் விளையாட்டுப் பொருள்களுக்கு இந்த முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளில் மூன்று தாலேட் ரசாயனங்கள் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2007 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. கூடை வயர் விளையாட்டுப் பொருளாக விற்கப்படுவதில்லை. அதற்கு இந்தச் சோதனை கிடையாது.

2. முழு நீள வயரைக் கொடுக்காமல் ஒரு கை நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். சாவிக்கொத்து ஒன்று முடிவதற்குள் சலிப்புத் தட்டாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளவும் வழியில்லை.

3. முனை மழுங்கிய கத்தரிக்கோல் கொடுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

1. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை இருக்கும் அறையில் வயர்த் துண்டுகளைப் போட்டுவைக்காதீர்கள்.

2. வயரைப் பல்லால் கடித்து இழுக்க விடாதீர்கள். மென்மையாக்கும் ரசாயனம் எச்சிலில் கசியும் என்பதால்தான் மேலே சொன்ன ஐரோப்பிய விதியே வந்தது. பெரியவர்களும் பல்லை விடுத்து இடுக்கியைப் பயன்படுத்துவது நல்லது.

3. கோணலாகப் பின்னியதை அவிழ்த்து, நீங்களே பின்னிக் கொடுத்துவிடாதீர்கள். கோணலோ நேரோ, பிள்ளை பின்னியதில்தான் சாவி தொங்க வேண்டும்.

கூடையைப் பராமரிக்க

செய்ய வேண்டியவை

1. சாதாரணத் தண்ணீரில் சோப்பு கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் முடிச்சு இடுக்குகளைத் தேய்த்துக் கழுவி, நிழலில் கவிழ்த்துக் காயவையுங்கள். மீன், கறி வாங்கிவந்த அன்றே கழுவிவிட வேண்டும்.

2. சொருகிய நுனி வெளியே வந்தால் அன்றைக்கே குச்சி வைத்து உள்ளே தள்ளுங்கள். விட்டுவைத்தால் அந்த முடிச்சு தளரும், அடுத்ததும் தளரும்.

3. கைப்பிடி தேய்ந்தால் கூடையை எறியாமல் கைப்பிடியை மட்டும் மாற்றுங்கள். சுவர் நன்றாக இருக்கும்வரை கூடைக்கு உயிர் உண்டு.

செய்யக்கூடாதவை

1. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு பாத்திரத்தைக் கூடையில் வைக்காதீர்கள். ஆறியபின் வைக்கலாம், அவசரம் என்றால் அடியில் கனத்த துணியை மடித்துப் போடுங்கள்.

2. மண்ணெண்ணெய், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். பளபளப்பு வரும், வயர் விறைத்துவிடும்.

3. இருசக்கர வண்டியின் கொக்கியில் மாட்டும்போது சைலன்சரில் படும்படி விடாதீர்கள்.

4. வெட்டிய துண்டுகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். வாசலில் கூட்டித் தள்ளவும் வேண்டாம். மாடு தின்னும், மழை வந்தால் சாக்கடைக்குப் போகும். பின்னும்போதே பக்கத்தில் ஒரு டப்பா வைத்து நுனிகளை அதில் போட்டு, உலர் குப்பையோடு கொடுத்துவிடுங்கள். ஒரு சாணுக்கு மேல் உள்ள துண்டுகள் சாவிக்கொத்துக்கும் பூவுக்கும் ஆகும்.

விற்பதற்காகப் பின்னுகிறவர்களுக்கு

செய்ய வேண்டியவை

1. வயர் விலையோடு உங்கள் மணிநேரத்தையும் விலையில் சேருங்கள். எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு உள்ளூரில் என்ன கூலியோ அதற்குக் குறையாமல் கணக்குப் போடுங்கள்.

2. கூடையின் அளவை நீளம், அகலம், உயரம் என்று சென்டிமீட்டரில் சொல்லுங்கள். எத்தனை கிலோ சுமக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு கட்டுக் கூடை என்றால் பின்னத் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

3. ஆர்டர் எடுத்தால் வயர் வாங்கும் அளவுக்காவது முன்பணம் பெறுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து கடைவீதியில் மொத்தமாக வயர் எடுத்தால் செலவு குறையும்.

செய்யக்கூடாதவை

1. “வீட்டில் சும்மா உட்கார்ந்து பின்னியதுதானே” என்று யாராவது சொன்னால் விலையைக் குறைக்காதீர்கள். நீங்கள் சும்மா உட்காரவில்லை. ஆயிரக்கணக்கான முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்திருக்கிறீர்கள்.

2. தளர்ந்த கைப்பிடி என்று தெரிந்தும் கூடையைக் கைமாற்றாதீர்கள். ஒரு கூடை அறுந்தால் அந்தத் தெருவில் அடுத்த ஆர்டர் வராது.

3. முடிக்க முடியாத தேதியை ஒப்புக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் பின்னிய கூடை எப்போதும் மேல் வரிசையில் காட்டிக்கொடுக்கும்.

இத்தனையையும் ஒரே நாளில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் கூடைக்கு மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மாதிரி பின்னி அளந்து வெட்டுங்கள், நான்கு வயரையும் சமமாக இழுங்கள், கைப்பிடியைக் கீழே இருந்து கோருங்கள். மற்றவை பின்னப் பின்னக் கைக்கு வந்துவிடும். பின்னி முடித்த கூடையை அலமாரியில் அழகுக்கு வைத்துவிடாமல், நாளைக்கே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் பை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.